மருத்துவப் பயிற்சிக்கு நடுவே ஓராண்டு: வணிகத் துறையில் வேலை தேடுவது எப்படி?

மருத்துவப் படிப்பின் நடுவில் ஓராண்டு விடுப்பு எடுத்தவர், பட்டம் வாங்கிவிட்டு மேற்படிப்புத் தேர்வுக்கோ ரெசிடென்சி எனப்படும் மேற்பயிற்சிக்கோ காத்திருப்பவர், பிரிட்டனில் இரண்டாண்டு ஃபவுண்டேஷன் பயிற்சியை முடித்துவிட்டு 'எஃப்3' என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் ஆண்டில் இருப்பவர். மூவருக்கும் கேள்வி ஒன்றுதான். இந்த ஒரு வருடத்தில் மருத்துவமனைக்கு வெளியே, கம்பெனி பக்கம் உருப்படியாக ஒரு வேலை பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் பலர் தேடும் விதம்தான் சரியில்லை. வேலைவாய்ப்புத் தளங்களில் எம்பிஏ படித்தவர்கள் போட்டி போடும் நிரந்தர வேலைகளுக்கு வரிசையாக விண்ணப்பம் போடுகிறார்கள். பதிலே வராமல் மனம் தளர்ந்து விடுகிறார்கள். திறமை குறைவு என்பதால் பதில் வராமல் போவதில்லை. நிரந்தர வேலைக்கு ஒருவரை எடுத்தால் அவர் வேலை பழகவே பல மாதம் பிடிக்கும். பழகிய கையோடு கிளம்பிவிடுவார் என்று தெரிந்தால் யார் எடுப்பார்கள்? ஆகவே, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மருத்துவம் முதல் நாளிலேயே பயன்படுகிற வேலையைத் தேடுங்கள். அது சில மாதங்களில் முடித்துக் கையில் கொடுத்துவிடக்கூடிய வேலையாகவும் இருக்கட்டும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த ஒரு முடிவிலிருந்து கிளம்புபவைதான்.

படி 1: உண்மையில் எத்தனை மாதம் இருக்கிறது?

'ஒரு வருடம்' என்பது பேச்சுக்குத்தான். அமெரிக்க ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கிற ஆண்டு என்றால் செப்டம்பரில் விண்ணப்பம், அக்டோபரிலிருந்து ஜனவரி வரை நேர்காணல்கள், மார்ச் நடுவில் யாருக்கு எந்த இடம் என்று சொல்லும் மேட்ச் முடிவு, ஜூலையில் பணி. விசா வாங்க வேண்டியவருக்கு மார்ச்சுக்கும் ஜூலைக்கும் இடையில் அந்த அலைச்சலும் சேரும். மேற்படிப்பு நுழைவுத் தேர்வு எழுதுபவருக்குக் கடைசி சில மாதங்கள் படிப்பதற்கே போதாது.

ஒரு தாளில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, தேர்வு, நேர்காணல், ஊர் மாற்றம், வீட்டு விசேஷம் என்று ஏற்கெனவே போய்விட்ட வாரங்களை அடித்துவிடுங்கள். மிஞ்சுவது பலருக்கு ஆறிலிருந்து எட்டு மாதம்தான். அதை மூன்று மூன்று மாதத் துண்டுகளாகப் பாருங்கள். மூன்று மாதத்தில் ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கலாம். ஆறு மாதம் இருந்தால் முடித்ததன் பலனையும் பார்க்கலாம்.

தேடுவதற்கும் காலம் பிடிக்கும். கடிதம், பேச்சு, ஒப்பந்தம் என்று இரண்டு மாதம் எளிதில் போய்விடும். எனவே இடைவெளி ஆண்டு தொடங்குவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே தேட ஆரம்பியுங்கள்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த ஆண்டிலேயே உங்கள் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் தேர்வு ஒன்று இருந்தால், முழு நேரக் கம்பெனி வேலையையும் அதையும் ஒன்றாகச் சுமக்க முயலாதீர்கள். வாரம் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் போகாத வேலையாகப் பாருங்கள். அப்படிப்பட்டவை எவை என்று மூன்றாம் படியில் சொல்கிறேன்.

படி 2: அனுமதிகள்

இந்தப் பகுதி சுவாரசியமாக இருக்காது. ஆனாலும் தாண்டிப் போக வேண்டாம்.

கல்லூரியில் விடுப்பு எடுத்திருந்தால், அந்தக் காலத்தில் நீங்கள் 'பதிவு பெற்ற மாணவர்'தானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில கம்பெனிகளின் இன்டர்ன்ஷிப் மாணவர்களுக்கு மட்டும்தான். கல்விக்கடன் இருந்தால் தவணை எப்போது தொடங்கும் என்று பாருங்கள். அமெரிக்க அரசுக் கடன்களில் பலவற்றில், படிப்பு பாதி நேரத்துக்குக் கீழே இறங்கினால் ஆறு மாத அவகாசம் ஓடத் தொடங்கிவிடும்.

வெளிநாட்டில் படிப்பவர்களுக்கு விசாதான் பெரிய தடை. அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் கல்லூரி வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டும். ஜே-1 விசாவில் பயிற்சி பெறும் மருத்துவர் பயிற்சித் திட்டத்துக்கு வெளியே சம்பாதிக்கவே கூடாது. பிரிட்டனில் மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது, அதாவது ஃப்ரீலான்ஸ் பில் போட்டுப் பணம் வாங்குவதும் கூடாது. 'சின்ன வேலைதானே' என்று ஆரம்பித்து விசாவையே பறிகொடுக்கும் அபாயம் இதில் உண்டு.

மருத்துவப் பதிவைப் புதுப்பிக்காமல் விடாதீர்கள். பிரிட்டனில் உரிமம் வைத்திருப்பவருக்கு ஆண்டுதோறும் அப்ரைசல் என்ற பணி மதிப்பீடு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ரீவேலிடேஷன் என்ற உரிம மறுஉறுதி உண்டு. கம்பெனியில் இருக்கும் ஆண்டும் அந்தக் கணக்கில் வரும். அரசு ஒப்பந்தப் பணி, பாண்ட் போன்றவை இருந்தால் அவற்றின் விதிகளை வரி விடாமல் படியுங்கள்.

படி 3: எந்த வேலை உங்களுக்குப் பொருந்தும்?

*ஆலோசனை நிறுவனங்கள்.* மெக்கின்சி, பிசிஜி, பெயின் ஆகிய மூன்றும் மருத்துவர்களை எடுக்கின்றன. எம்பிஏ இல்லாமலே நுழைய முடியும். ஆனால் அங்கே பெரும்பாலும் நிரந்தர வேலைதான். ஆள் எடுக்கும் பருவமும் வேலை தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். ஆகவே இது ஒரு வருடம் முன்பே முடிவெடுத்தவர்களுக்கான கதவு. இடைவெளி ஆண்டு தொடங்கிய பிறகு யோசிப்பவர், மருத்துவத் துறைக்கு மட்டுமே ஆலோசனை சொல்லும் சிறு நிறுவனங்களைப் பார்ப்பது நல்லது. ஒரு குறிப்பிட்ட ஆய்வுக்காக மூன்று மாத ஒப்பந்தத்தில் அவர்கள் ஆள் எடுப்பதுண்டு.

*மருத்துவ ஸ்டார்ட்அப்கள்.* ஆறு மாதம் கையில் உள்ளவருக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். பத்து இருபது பேர் வேலை செய்யும் கம்பெனியில் மென்பொருள் தெரிந்தவர்கள் இருப்பார்கள், வார்டில் இரவு ஷிஃப்ட் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார். ஒரு நர்ஸ் எந்த நேரத்தில் செயலியைத் திறப்பார், எப்போது அதைத் தொடக்கூட நேரமிருக்காது என்பதை நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம். மருத்துவ உள்ளடக்கம் எழுதுவது, மருத்துவமனைகளில் சோதனை ஓட்டம் நடத்துவது, ஒழுங்குமுறை ஆவணங்களுக்கு உதவுவது எல்லாம் எல்லைக்குள் அடங்கும் வேலைகள். மருத்துவச் சாதனமாகக் கருதப்படும் மென்பொருள் என்றால் ஐஎஸ்ஓ 13485, ஐஎஸ்ஓ 14971, ஐஇசி 62304 என்ற மூன்று தரநிலைகள் அடிக்கடி பேச்சில் வரும். முதலாவது தர மேலாண்மைக்கு, இரண்டாவது ஆபத்து மேலாண்மைக்கு, மூன்றாவது மென்பொருள் உருவாக்கத்துக்கு. இவ்வளவு தெரிந்துகொண்டு போனாலே பேச்சைப் பின்தொடர முடியும்.

ஆபத்து மேலாண்மையில் மருத்துவருக்குத் தனி மதிப்பு உண்டு. 'இந்த அளவீடு தவறாகக் காட்டினால் நோயாளிக்கு என்ன ஆகும், எவ்வளவு கடுமையாக ஆகும்?' என்று ஒவ்வொரு கோளாறுக்கும் எழுத வேண்டும். பொறியாளர் அந்தப் பத்தியை நிரப்பத் திணறுவார். உங்களுக்கு அது தினசரி யோசனை.

*மருந்து நிறுவனங்கள்.* இதில் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு, அதாவது ஃபார்மகோவிஜிலன்ஸ், புதியவரை ஏற்றுக்கொள்ளும் பிரிவு. பக்கவிளைவு அறிக்கைகளைப் படித்து, மெட்ரா (MedDRA) என்ற மருத்துவச் சொற்பட்டியலின்படி குறியீடு போட்டு, மருந்துக்கும் விளைவுக்கும் தொடர்புண்டா என்று மதிப்பிட்டு, நடந்ததைக் கோவையாக எழுத வேண்டும். மருந்து ஆய்வுகளில் எதிர்பாராத, உயிரைப் பறித்த அல்லது உயிருக்கு ஆபத்தான விளைவுக்கு மருந்தால் நேர்ந்ததென்ற சந்தேகம் இருந்தால் ஏழு நாளுக்குள் கட்டுப்பாட்டு அமைப்புக்குச் சொல்ல வேண்டும். மற்ற கடுமையான எதிர்பாராத விளைவுகளுக்குப் பதினைந்து நாள். மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒருங்கிணைக்கும் ஐசிஹெச் அமைப்பின் இ2ஏ என்ற வழிகாட்டி சொல்வது இது. காலக்கெடு ஓடுவதால் ஆள் தேவை எப்போதும் இருக்கும். ஸ்வீடனில் உள்ள உப்சாலா கண்காணிப்பு மையம் உலக சுகாதார நிறுவனத்துடன் சேர்ந்து 1978 முதல் இந்தத் துறையில் இயங்குகிறது. அவர்களுடைய இணையப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு விண்ணப்பித்தால் நீங்கள் விளையாட்டுக்கு வரவில்லை என்று தெரியும். மருத்துவர்களைச் சந்தித்து மருந்தைப் பற்றி அறிவியல் பேசும் எம்எஸ்எல் (மெடிக்கல் சயின்ஸ் லையசான்) வேலை பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அதற்கு நீண்ட நாள் உறவுகள் தேவை. ஓராண்டுக்காரரை அதில் எடுப்பது அரிது.

*மருத்துவ எழுத்து.* தேர்வுக்குப் படித்துக்கொண்டே செய்யக்கூடியது இதுதான். ஆய்வுக் கட்டுரை, ஆய்வு நெறிமுறை, மருத்துவர்களுக்கான பயிற்சிப் பாடம், நோயாளிகளுக்கான விளக்கம் என்று பல வகை. ஆய்வு முடிவுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் கான்சார்ட், பிரிஸ்மா ஆகிய அறிக்கை நெறிகளும், யார் பெயரை ஆசிரியராகப் போடலாம் என்று மருத்துவ இதழாசிரியர்களின் குழுவான ஐசிஎம்ஜேஇ வகுத்த விதிகளும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஏஎம்டபிள்யூஏ, ஐரோப்பாவில் இஎம்டபிள்யூஏ என்று தொழில்முறைச் சங்கங்கள் இருக்கின்றன. பயிற்சிப் பட்டறைகளும் நடத்துகின்றன.

*மருத்துவமனை நிர்வாகம்.* அறுவை அரங்கு எத்தனை மணி நேரம் சும்மா கிடக்கிறது, காலையில் டிஸ்சார்ஜ் சொன்ன நோயாளி மாலை வரை ஏன் படுக்கையில் இருக்கிறார் போன்ற கேள்விகள். நீங்கள் பயிற்சி பெற்ற மருத்துவமனையிலேயே கேட்கலாம் என்பது இதன் பெரிய வசதி.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் பதில்களை மருத்துவர் பார்வையில் மதிப்பிடுவது, எக்ஸ்ரே படங்களில் குறியிடுவது போன்ற மணிக்கணக்கு வேலைகளும் இப்போது கிடைக்கின்றன. வருமானத்துக்கு உதவும். ஆனால் வணிகம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நோக்கமானால் அதில் அவ்வளவாக ஒன்றும் கிடைக்காது. முதலீட்டு நிறுவனங்களில் இடம் மிகக் குறைவு. தெரிந்தவர் வழியாக வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், அதை நம்பி மாதங்களைக் கழிக்க வேண்டாம்.

படி 4: வணிகக் கணக்கு பழகுங்கள்

இதற்கு எம்பிஏ வேண்டாம். இரண்டு மூன்று வாரம் உட்கார்ந்தால் போதும். உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு மருத்துவப் பிரிவை எடுத்துக்கொண்டு அதைத் தொழிலாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டயாலிசிஸ் பிரிவையே எடுப்போம். வழக்கமான நோயாளிக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். திங்கள், புதன், வெள்ளி ஒரு குழு. செவ்வாய், வியாழன், சனி இன்னொரு குழு. நாளுக்கு மூன்று ஷிஃப்ட் ஓட்டினால் ஓர் இயந்திரத்தில் ஆறு பேரைப் பார்க்கலாம். அறுபது நோயாளிகள் இருந்தால் பத்து இயந்திரம்.

இதுவரை கணக்குத் தெரிந்த யாரும் வந்துவிடுவார்கள். அடுத்தது உங்களுக்குத்தான் தெரியும். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குத் தனி இயந்திரம் ஒதுக்க வேண்டும், அதில் மற்றவரைப் போட முடியாது. பழுதுக்கென்று ஒன்று தயாராக இருக்க வேண்டும். ஒருவரை இறக்கி, ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கும் வரை அழுத்திப் பிடித்து, இயந்திரத்தைக் கிருமிநீக்கி, அடுத்தவரை ஏற்றுவதற்குள் நேரம் ஓடிவிடும். இரவில் முடியும் மூன்றாவது ஷிஃப்டுக்கு வயதானவர்கள் வரத் தயங்குவார்கள். ஆக, பத்து என்று தாளில் வந்தது நடைமுறையில் பன்னிரண்டாகும். இல்லாவிட்டால் மூன்றாவது ஷிஃப்ட் பாதி காலியாக ஓடும்.

இப்போது செலவு. இயந்திரம், தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்ஓ ஆலை, நர்ஸ்களின் சம்பளம் எல்லாம் நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் நிற்காத செலவு. ரத்தத்தை வடிகட்டும் டயலைசர், ரத்தக் குழாய் செட், கரைசல் ஆகியவை ஒவ்வொரு முறைக்கும் ஆகும் செலவு. இதைப் பிரித்து எழுதியவுடன் ஒன்று தெளிவாகும். இந்தப் பிரிவு பிழைப்பது கட்டணத்தைக் கூட்டுவதில் மட்டும் இல்லை, எத்தனை இருக்கை நிரம்புகிறது என்பதிலும் இருக்கிறது. எத்தனை இருக்கை நிரம்பினால் கையைக் கடிக்காது என்று கண்டுபிடித்தால் அதுதான் பிரேக்ஈவன். லாப விகிதம், பணப்புழக்கம் போன்றவற்றையும் இப்படியே ஒரு பிரிவை வைத்துப் படித்தால் மறக்காது.

இன்னொன்றையும் ஒவ்வொரு மருத்துவப் பொருளுக்கும் கேட்டுப் பழகுங்கள். பயன்படுத்துபவர் யார், வாங்க முடிவெடுப்பவர் யார், பணம் கட்டுபவர் யார்? பேனா வாங்கினால் மூவரும் ஒருவரே. மருத்துவத்தில் நோயாளி பயன்படுத்துவார், டாக்டர் முடிவெடுப்பார், காப்பீட்டு நிறுவனமோ அரசோ பணம் கட்டும். நல்ல பொருள்கள் பல விற்காமல் போவது இந்த மூவரில் ஒருவரை மறந்ததால்தான் என்பது என் எண்ணம். நேர்காணலில் இந்த ஒரு கேள்வியை நீங்களே எழுப்பினால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

எக்செல் கட்டாயம். பிவட் டேபிள், லுக்அப், எளிய வரைபடங்கள் வரை பழகுங்கள். நல்ல ஸ்லைடு ஒன்றில் தலைப்பைப் படித்தாலே முடிவு தெரிய வேண்டும். 'மருந்துக் கழிவு விவரம்' என்று போடாமல் 'மருந்துக் கழிவில் பாதி இரண்டு வார்டுகளில் நடக்கிறது' என்று போடுங்கள்.

படி 5: ரெஸ்யூமே

மருத்துவ ரெஸ்யூமேயில் பதக்கமும் போஸ்டரும் மாநாடும் வரிசையாக நிற்கும். கம்பெனிக்காரர் அதைப் படித்து ஒன்றும் புரிந்துகொள்ள முடியாது. ஒரே பக்கமாகச் சுருக்குங்கள். ஒவ்வொரு வரியும், என்ன சிக்கல், நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன மாறியது என்று சொல்ல வேண்டும்.

'பொது மருத்துவ வார்டில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றினேன்' என்பதை இப்படி மாற்றலாம்: 'முப்பது படுக்கை வார்டில் டிஸ்சார்ஜ் தாமதத்துக்குக் காரணம் தேடினேன், மருந்துப் பட்டியல் மாலையில் எழுதப்படுவதே முக்கியக் காரணம் என்று கண்டு, காலை ரவுண்டிலேயே எழுதும் முறையை நர்ஸ்களோடு சேர்ந்து கொண்டுவந்தேன்.' இரண்டாவது வரியில் கவனிப்பும் ஆய்வும், மற்றவர்களை உடன்படவைத்த திறமையும் தெரிகின்றன. எண் கையில் இருந்தால் சேருங்கள், இல்லாத எண்ணைக் கற்பனை செய்யாதீர்கள். ஆடிட், தர மேம்பாட்டுப் பணி, டியூட்டி ரோஸ்டர் போட்ட அனுபவம், கல்லூரி விழாவுக்கு நிதி திரட்டியது எல்லாம் இங்கே மதிப்புள்ளவை.

திரும்பும் தேதியை ரெஸ்யூமேயின் மேலேயே எழுதுங்கள்: 'மார்ச் முதல் ஆகஸ்ட் வரை'. மறைத்து வேலைக்குச் சேர்ந்துவிட்டு நடுவில் சொல்வது கம்பெனிக்கும் கெடுதல், உங்களுக்குப் பின்னால் வரும் மருத்துவருக்கும் கெடுதல்.

படி 6: கேட்பதற்கு முன் கொடுங்கள்

இடைவெளி ஆண்டில் இருப்பவருக்கு நான் பார்த்தவரை மிக நன்றாக வேலை செய்வது இது. பதினைந்து இருபது கம்பெனிகளைத் தேர்ந்தெடுங்கள். அவற்றில் மூன்று நான்கின் பொருளை உண்மையிலேயே பயன்படுத்திப் பாருங்கள். மருத்துவராக உங்கள் கண்ணில் பட்டதை இரண்டு பக்கத்தில் எழுதி, நிறுவனருக்கோ மருத்துவப் பிரிவுத் தலைவருக்கோ நேரடியாக அனுப்புங்கள். கடிதம் இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

'வணக்கம். உங்கள் செயலியில் நீரிழிவு நோயாளிகளுக்கான பகுதியை இரண்டு வாரம் பயன்படுத்திப் பார்த்தேன். இன்சுலின் போடுபவருக்கும் மாத்திரை மட்டும் எடுப்பவருக்கும் ஒரே எச்சரிக்கைதான் வருகிறது. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே பதிவானால் உடனே என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு இல்லை. இரண்டையும் எப்படிச் சரிசெய்யலாம் என்று இரண்டு பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன். நான் எம்பிபிஎஸ் முடித்திருக்கிறேன். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை முழு நேரமும் வேலை செய்ய முடியும். செப்டம்பரில் மேற்படிப்புக்குத் திரும்புகிறேன். இந்த ஆறு மாதத்தில் உங்கள் எச்சரிக்கை விதிகள் முழுவதையும் மருத்துவ ரீதியாகச் சரிபார்த்து, ஆவணமாக்கித் தர விரும்புகிறேன். இருபது நிமிடம் பேச நேரம் ஒதுக்க முடியுமா?'

இதில் 'வாய்ப்பு தாருங்கள்' என்ற கெஞ்சல் இல்லை. குறையைச் சொன்ன கையோடு தீர்வும் இருக்கிறது. வேலையின் எல்லையும் முடியும் தேதியும் இருக்கின்றன. படிப்பவர் 'சரி' என்றோ 'வேண்டாம்' என்றோ உடனே சொல்ல முடியும்.

ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். இதோடு, உங்கள் கல்லூரியில் படித்து இப்போது கம்பெனிகளில் இருக்கும் சீனியர்களை லிங்க்ட்இனில் தேடுங்கள். அவர்களிடம் வேலை கேட்காதீர்கள். 'நீங்கள் எப்படி உள்ளே போனீர்கள், என்னைப் போன்றவருக்கு எந்த வேலை பொருந்தும்?' என்று கேளுங்கள். பேச்சின் முடிவில் 'நான் பேச வேண்டிய இன்னும் இரண்டு பேர் யார்?' என்று கேட்டால், பெரும்பாலும் அங்கிருந்துதான் வேலை வரும்.

படி 7: நேர்காணல்

'டாக்டருக்குப் படித்துவிட்டு ஏன் இங்கே?' என்ற கேள்வி நிச்சயம் வரும். மருத்துவம் அலுத்துவிட்டது என்று சொல்ல வேண்டாம், அது உண்மையும் இல்லையே. வார்டில் நீங்கள் கண்ட ஒரு சிக்கலைச் சொல்லி, அதை மருத்துவத்தால் மட்டும் தீர்க்க முடியாததால் வந்தேன் என்று சொல்லுங்கள். ஆலோசனை நிறுவனமானால் கேஸ் இன்டர்வியூ இருக்கும். மேலே டயாலிசிஸ் கணக்குப் போட்டதுபோல, ஊகங்களை வாய்விட்டுச் சொல்லி, படிப்படியாகப் பெருக்கி, வந்த விடை நம்பும்படி இருக்கிறதா என்று நீங்களே சோதிப்பதுதான் அது. நோயாளியின் வரலாறு கேட்டு, வாய்ப்புள்ள நோய்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வருகிற பழக்கம் இங்கே நன்றாகக் கைகொடுக்கும்.

படி 8: ஒப்பந்தமும் பணமும்

என்ன வேலை, எப்போது முடியும், எந்தத் தேதியில் பணம் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். சம்பளமில்லாத வேலையை இரண்டு வாரத்துக்கு மேல் ஏற்க வேண்டாம் என்பேன். மருத்துவ அறிவுக்கு விலை உண்டு. நீங்கள் இலவசமாகச் செய்தால் அடுத்தவரிடமும் இலவசமாகவே கேட்பார்கள்.

ஸ்டார்ட்அப்கள் பணத்துக்குப் பதில் பங்கு தருகிறோம் என்று சொல்வதுண்டு. வழக்கமான ஏற்பாட்டில் பங்கு நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கைக்கு வரும். முதல் ஓராண்டு முடியும் முன் கிளம்பினால் ஒன்றும் வராது. ஆறு மாதத்தில் போகிற உங்களுக்கு அந்த ஏற்பாட்டில் கிடைப்பது பூஜ்யம். ஆகவே பணமாகக் கேளுங்கள், அல்லது குறுகிய கால அளவுக்கு ஏற்பத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

போட்டி நிறுவனத்தில் வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால், மருத்துவமனைப் பணியும் ஆராய்ச்சியும் அதில் அடங்காது என்று சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் பெயரையும் பட்டத்தையும் விளம்பரத்தில் போட உங்கள் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்றும் இருக்கட்டும். செயலியில் தனிப்பட்ட நோயாளிக்கு ஆலோசனை சொல்லும்படி கேட்டால் அது மருத்துவத் தொழில். பதிவும் தொழில்காப்பீடும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

படி 9: தாண்டக் கூடாத கோடுகள்

நோயாளித் தகவலை மருத்துவமனையிலிருந்து கம்பெனிக்கு எடுத்துச் செல்லாதீர்கள். பெயரை மட்டும் அழித்துவிட்டால் போதாது. நோயாளித் தகவலைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா விதிகளில் அடையாளம் நீக்குவதற்கான ஒரு முறை, நீக்க வேண்டிய அடையாளங்களைப் பதினெட்டு வகையாகப் பட்டியலிடுகிறது. சேர்ந்த தேதியும் மருத்துவக் கோப்பு எண்ணும்கூட அதில் உண்டு. ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற தகவல் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிப் பாதுகாப்புக்குரிய வகையாக வைத்திருக்கிறது. போனில் எடுத்த ஸ்கேன் படத்தை 'உதாரணத்துக்கு' என்று கம்பெனிக் குழுவில் பகிர்வதும் இதில் சேரும்.

மருந்து ஆய்வில் பணியாற்றியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முதலீட்டாளர்களுக்கும் துறை வல்லுநர்களுக்கும் இடையே மணிக்கணக்கில் பேச ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள் உள்ளன. இளம் மருத்துவர்களுக்கும் அழைப்பு வரலாம். பொதுவான மருத்துவ அனுபவத்தைப் பேசுவதில் தவறில்லை. ஆனால் வெளியிடப்படாத ஆய்வு முடிவைப் பேசினால் குற்றம். மிச்சிகன் பல்கலைக்கழக நரம்பியல் பேராசிரியர் சிட்னி கில்மன், அல்சைமர் மருந்து ஆய்வு ஒன்றின் வெளிவராத முடிவை 2008-ல் முதலீட்டு நிறுவன மேலாளர் மேத்யூ மார்ட்டோமாவிடம் சொன்னார். மார்ட்டோமா 2014-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி ஒன்பது ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். பல பத்தாண்டு கட்டிய பேராசிரியரின் பெயர் அந்த உரையாடல்களால் சிதைந்தது. சந்தேகம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

எந்தக் கம்பெனியிடம் பணம் வாங்கினீர்கள் என்று தேதியோடு குறித்து வையுங்கள். பின்னாளில் கட்டுரை எழுதும்போதும் குழுக்களில் உட்காரும்போதும் அந்த விவரத்தைக் கேட்பார்கள்.

படி 10: சேர்ந்த பிறகும் கிளம்பும்போதும்

முதல் வாரத்திலேயே மேலாளரிடம் கேளுங்கள்: 'நான் போகிற நாளில் என்ன முடிந்திருந்தால் என்னை எடுத்தது சரி என்று நினைப்பீர்கள்?' பதிலை எழுதி அவருக்கே அனுப்பிவிடுங்கள். கூட்டங்களில் மருத்துவச் சொற்களைக் குறையுங்கள். 'டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று மற்றவர் பேசாமல் இருந்துவிட்டால் கம்பெனிக்கு நட்டம். இளைய பொறியாளர் உங்களை மறுத்துப் பேசும்படி இடம் கொடுங்கள்.

மாதம் ஒருமுறையாவது மருத்துவத்தோடு தொடர்பு இருக்கட்டும்: கருத்தரங்கு, ஜர்னல் கிளப், அனுமதி இருந்தால் ஒரு ஷிஃப்ட். கை மறக்கக்கூடியது. திரும்பிப் போகும் முதல் வாரத்தில் அவசரச் சிகிச்சைப் பயிற்சி ஒன்றைப் புதுப்பிக்கவும் நாள் ஒதுக்குங்கள்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு, உங்கள் வேலையை வேறொருவர் தொடரும்படி ஆவணமாக்குங்கள்: எந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது, எந்தக் கோப்பு எங்கே, இன்னும் தீராதது எது. பரிந்துரைக் கடிதத்தையும் அப்போதே கேளுங்கள், போன பிறகு கேட்டால் பொதுவான நாலு வரிதான் வரும். கேட்கும்போது நீங்கள் முடித்த வேலைகளை ஐந்து வரியில் எழுதிக் கொடுங்கள். மேற்படிப்பு நேர்காணலில் காட்டக்கூடிய வேலை எது, ரகசியம் எது என்பதை மேலாளரிடம் எழுத்தில் உறுதி செய்துகொண்டு, கம்பெனி மடிக்கணினியில் இருக்கும் சொந்தக் கோப்புகளை அவருக்குத் தெரிவித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.